துலா நல்லாய் வந்திருக்கு

என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் ஓரளவாவது தெளிவாக வந்தவை ஒரு துலாவின் படங்கள். அச்சுவேலியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்க நின்ற ஏற்றமரம் அது. துலாக்காலில் ஓடிய வெடிப்பும், கொடிக்கயிற்றின் முறுக்கும், ஒரு படத்தில் உச்சியில் வந்திருந்த காகத்தின் அலகும்கூட எண்ணி எடுக்கலாம்போல் தெரியும். ஒவ்வொரு படத்திலும் துலாவுக்கு முன்னால், கதிரையில், பட்டுச்சேலை கட்டிய புகைமூட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது என் அக்கா.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவளுடைய சாதகத்தில் செவ்வாய், இருக்கக்கூடாத வீட்டில் போய்க் குந்திக்கொண்டிருந்தது. செவ்வாய்க் குற்றமுள்ள பெண்ணுக்குச் செவ்வாய்க் குற்றமுள்ள மாப்பிள்ளைதான் வேண்டும். இல்லாவிட்டால் இருவரில் ஒருவர் சீக்கிரம் போய்விடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படியான மாப்பிள்ளைகள் ஊரில் இல்லாமல் இல்லை. ஒருவருக்குச் செவ்வாய் பொருந்தினால் வயது பொருந்தாது. வயது பொருந்தினால் புத்தி பொருந்தாது. எல்லாம் பொருந்திய ஒருவர் வந்தார். பொருத்தம் பார்த்து முடிவதற்குள் வேறிடத்தில் தாலி கட்டிவிட்டார்.

அம்மா இல்லாத வீடு; அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவுக்குக் கீழே நான், எனக்குக் கீழே தங்கச்சி. மூத்தவள் இருக்க இளையவர்கள் மணவறை ஏறுவது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். எனவே அக்காவின் செவ்வாய் எங்கள் மூவரையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. கந்தோரில் என்னோடு வேலைக்குச் சேர்ந்த கிளாக்குமார் எல்லோரும் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கிவிட்டார்கள். என் தலைமயிர் வருடத்துக்கு ஒரு விரற்கடை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கலியாணத்தில் எனக்கிருந்த அக்கறை முழுவதும் பாசம் என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்த அந்த வருடம், நவராத்திரி தொடங்கி இரண்டாம் நாள் கலியாணத் தரகர் வந்தார். வழக்கத்துக்கு மாறாகச் சைக்கிளை வேலியில் சாத்தாமல் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணை, உங்கடை பெட்டைக்கெண்டே பிறந்த செவ்வாய் ஒண்டு மலாயாவிலை இருக்கு. ரயில்வேயிலை கிளாக்கர். முப்பத்தெட்டு வயசு. அதே வீடு, அதே செவ்வாய். சொல்லி வைச்ச மாதிரி."

ஐயா சாதகத்தை வாங்கி மூன்று தரம் படித்தார். "பெடியன் என்ன கேக்கிறான்?"

"ஒண்டும் கேக்கேல்லை. ஒரு படம். வந்து பொம்பிளை பாத்திட்டுப் போக லீவு இல்லையாம். முகத்தைப் படத்திலையாவது பாக்கவேணுமாம். விசயதசமி கழிஞ்ச மூண்டாம் நாள் தபாலிலை போகவேணும். கரவெட்டியிலை ஒரு பெட்டையின்ரை படம் போன தபாலிலையே போயிட்டுது, சொல்லிப்போட்டன்."

"ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றேன் நான்.

"ஆர் போறது? கறுப்புச் சீலைக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிற ஒருத்தனுக்கு முன்னாலை என்ரை பிள்ளை போய் இருக்கமாட்டாள்." ஐயா என் பக்கம் விரலை நீட்டினார். "உவன் ஒரு பெட்டியைக் காவிக்கொண்டு ஒரு வருஷமாய்த் திரியிறான். ஒரு பிரயோசனம் கண்டமே? உவன் எடுக்கட்டும்."

என் வாழ்க்கையில் ஐயா என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. கடைசி வேலையும் அதுதான்.

பெட்டி என்று அவர் சொன்னது, மலாயாவிலிருந்து பென்சனில் வந்த ஒருவர் எனக்குக் கைமாற்றிவிட்ட ஜேர்மன் கமரா. மடித்தால் சட்டைப் பைக்குள் போகும் என்று அவர் சொன்னார். அவருடைய சட்டையின் பை வேறு மாதிரி. விரித்தால் தோல் துருத்தி ஒன்று முன்னால் நீளும். பெரிய பிலிம், ஒரு சுருளில் எட்டுப் படம். கூடவே ஒரு சிறு கைப்புத்தகம், ஜேர்மன் மொழியில். நான் அதன் படங்களை மட்டும் படித்தேன். எனக்குத் தெரிந்த பல விஷயங்களை நான் அப்படித்தான் படித்திருக்கிறேன்.

அந்தக் கமராவுக்கு மூன்று கண்கள். துருத்தியின் நுனியில் உள்ளது பெரிய கண். படத்தைப் பிடிப்பது அது. மற்ற இரண்டும் கமராவின் நெற்றியில் இருந்த சின்னச் சின்னக் கண்ணாடி யன்னல்கள். ஒன்று புளியங்கொட்டை அளவு, மற்றது பயறளவு. அவை தூரம் பார்ப்பதற்கு. பின்பக்கத் துவாரத்தில் கண்ணை வைத்தால் எதிரே நிற்கும் ஆள் இரண்டாகத் தெரிவார். ஆள் ஒன்று, ஆளுக்குப் பக்கத்தில், சற்று விலகி, மஞ்சள் பாரித்த அவருடைய ஆவி ஒன்று. ஒரு சிறு சக்கரத்தை உருட்ட உருட்ட ஆவி நகர்ந்து வரும். ஆவியை ஆளுக்குள் சரியாகத் தள்ளி, இரண்டும் ஒன்றானால், தூரம் சரி. படம் தெளிவாக விழும். தள்ளாமல் எடுத்தால் மங்கல்.

சொல்வது சுலபம். எனக்கு ஆவி ஒருபோதும் ஒரே தடவையில் உடம்புக்குள் போனதில்லை. இந்தப் பக்கம் தாண்டும். திருப்பினால் அந்தப் பக்கம் தாண்டும். அதற்குள் படத்துக்கு நின்றவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே நான் துலாவோடு பழகினேன். வீட்டில் எனக்காக அசையாமல் நின்றது அது ஒன்றுதான். கிணற்றிலிருந்து பதின்மூன்று அடியில், மாமரத்தின் கீழ் நின்றுகொண்டு, தினமும் மாலையில் துலாவின் ஆவியைத் துலாவுக்குள் தள்ளிப் பழகினேன். பிலிம் செலவில்லை, சும்மா பழக்கம். பிலிமுக்குப் போரோடு பஞ்சம். என்னிடம் இருந்தது ஒரேயொரு சுருள்.

தரகர் வந்து போனபின் பழக்கம் வெறியாகியது. கந்தோரிலிருந்து வந்தால் உடுப்பு மாற்றாமல் துலாவடிக்கு ஓடுவேன். பிறகு சரசுவதி பூசைக்குப் புத்தகங்களையும் ஆயுதங்களையும் வைக்கும் நாள் வந்தது. வைத்ததை விசயதசமி காலைவரை தொடக்கூடாது. ஐயாவின் மண்வெட்டி, தங்கச்சியின் தையல் மெசின், என் பேனை, கமரா எல்லாம் கும்பத்துக்கு முன்னால் ஏறின. மூன்று நாட்கள் எனக்குப் பழக்கம் இல்லை. நான் தொழத்தான் முடிந்தது.

"விசயதசமியிலேயே எடு. அண்டைக்குத் தொடங்கின காரியம் பிழைக்காது" என்று ஐயா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

விசயதசமி காலை அக்காதான் பூசைக்கு எல்லாம் செய்தாள். மண்வெட்டிக்கும் மெசினுக்கும் பொட்டு வைத்தபின், கமராவை விரித்து வைக்கச் சொன்னாள். விரித்து வைத்துவிட்டு நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அந்த வருடம் நான் கும்பிட்ட மாதிரி முன்பும் கும்பிட்டதில்லை, பிறகும் இல்லை. திறந்து பார்த்தால் பெரிய கண்ணின் நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

"ஐயோ அக்கா! கண்ணிலையே வைச்சாய்?"

"பின்னை எங்கை வைக்கிறது? மூண்டு கண் இருக்கு. சிவபெருமானுக்கே மூண்டுதான். சும்மா விடலாமே?"

"படம் எடுக்கிறதே உந்தக் கண்ணாலை!"

"அப்ப அதுக்குத்தானே முதல் வைக்கவேணும்" என்றாள் அக்கா. அவள் நியாயத்தில் பிழை பிடிக்க முடியவில்லை.

வேட்டித் தலைப்பால் துடைத்தேன். ஊதினேன். மறுபடி துடைத்தேன். நெற்றியில் இருந்த யன்னலில் ஒட்டியிருந்ததையும் துடைத்தேன். ஐயா முற்றத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கத்தினார்: "டேய், இராகுகாலம் தொடங்க அரை மணித்தியாலந்தான் கிடக்கு! உங்கை என்ன கோதாரியிலை நிண்டு துடைக்கிறாய்?"

அம்மாவின் பட்டுச்சேலையில் அக்கா கதிரையில் வந்து இருந்தாள். பல் பிடுங்க வந்தவள்போல் இருந்தாள். நான் ஆறு அடியில் நின்றேன். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு அடியில் கிணறும் துலாவும். கண்ணைத் துவாரத்தில் வைத்தேன். ஆவியைத் தேடினேன்.

ஆவி இல்லை. ஒரே அக்கா. துல்லியமான, தனியான, ஒரே ஒரு அக்கா. சக்கரத்தைத் தொடமுன்னமே இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாக ஒரு தடவையும் வாய்க்காதது, என் குடும்பத்தின் தலையெழுத்து ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்த காலையில், தானாக வாய்த்தது. சரசுவதி கைகொடுத்தாள் என்று நினைத்தேன். நான் பெரிய பக்திமான் அல்ல; அந்த அரை மணித்தியாலம் மட்டும் இருந்தேன். இவ்வளவு அருளிய பிறகு சக்கரத்தைத் தொடுவது நன்றிகெட்ட செயலாகப் பட்டது. தொடவில்லை.

முதல் படத்தில் அக்கா கண்ணை மூடினாள். இரண்டாவதில் மூடக்கூடாது என்று முழித்தாள். மூன்றாவதில் தும்மல். நான்காவதில் நான் அசைந்துவிட்டேன். மூன்று பிழைத்தபின் ஆளுக்கு எப்படிக் கை நிற்கும்? ஐந்தும் ஆறும் செத்தவீட்டுக் களை. ஏழாவதில் காகம் வந்து துலாவில் இருந்தது. அக்கா காகத்தைக் கலைக்கத் திரும்பினாள்.

"இன்னும் ஒண்டுதான் கிடக்கு" என்றேன்.

"சிரியடி பிள்ளை" என்றார் ஐயா, அழுகிற குரலில். அக்காவின் உதடு நடுங்கத் தொடங்கியது. நான் கமராவை இறக்கிவிடுவோமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் தங்கச்சி வாளியோடு கிணற்றடிக்கு வந்தாள். படத்துக்குள் வரக்கூடாது என்று காலையிலிருந்து அவளை அடுப்படியில் அடைத்து வைத்திருந்தோம். துலாக்காலில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அக்கா, மலாயாக் காட்டிலை குரங்கு கனக்கவாம். உந்த மூஞ்சியோடை படத்தை அனுப்பினால், சொந்தக்காரர் எண்டு எல்லாம் ஸ்ரேசனுக்கு வந்திடும்."

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க. நான் பொத்தானை அமுக்கினேன். எட்டாவது.

கமராவின் அந்தக் 'கிளிக்' சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அதுதான், முடிந்தது, அக்கா கரை ஏறிவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஐயா வெற்றிலைத் தட்டத்தைத் தேடினார். நான் என் கலியாணத்துக்கு யாரை அழைப்பது என்று யோசித்தேன்.

பிலிமைக் கழுவ யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் சைக்கிளில் போனேன். அங்கே ஒரு சிறிய ஸ்ரூடியோ. வயதான ஆள், கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு அதை மேசையெல்லாம் தேடுகிறவர். இருட்டறைக்குள் போய் நெடுநேரம் கழித்து ஈரப் பிலிமோடு வெளியே வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தம்பி, துலா நல்லாய் வந்திருக்கு."

"அக்கா?"

"ஆர் அக்கா?"

நான் பிலிமைப் பிடுங்கிப் பார்த்தேன். ஏழு துலா. ஏழு புகைமூட்டம். எட்டாவதில் துலாக்காலில் சாய்ந்தபடி தங்கச்சி, வாளியின் பிடிவரை தெளிவாக. அவளுக்கு முன்னால் யாரோ ஒரு மங்கல் சிரித்துக்கொண்டிருந்தது.

"தூரம் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் ஐயா. இரண்டும் ஒண்டாய்த்தான் இருந்தது. சத்தியமாய்."

கமராவைக் கொண்டுவரச் சொன்னார். சைக்கிள் காரியரில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு ஒரு நெருப்புக் குச்சியை எடுத்து, அந்தப் பயறளவு யன்னலைச் சுரண்டினார். மஞ்சளாய்க் காய்ந்த ஒரு பொருக்கு உதிர்ந்தது. மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

சந்தனம்.

நான் துடைத்தது புளியங்கொட்டை யன்னலை. பயறளவு யன்னல் வழியாகத்தான் ஆவி வரும். அதன் கண்ணை அக்கா அடைத்திருந்தாள். வழியாமல், அளவாக, மிகப் பக்தியோடு. ஆவி உடம்புக்குள் போகவில்லை. ஆவி வரவேயில்லை. சக்கரமோ பூசைக்கு முன்னம் நான் விட்ட இடத்திலேயே, துலாவுக்குச் சரியான தூரத்தில், நின்றிருக்கிறது.

"வேறை சுருள் கிடக்கோ ஐயா?" என்று கேட்டேன். இல்லை என்றார். கொழும்பிலும் இல்லையாம். தகட்டுக் கமரா இருக்கிறது, அக்காவைக் கூட்டிவரலாம் என்றார். கறுப்புச் சீலையைப் பற்றி எங்கள் ஐயா சொன்னதை நினைத்தேன். எட்டையும் அச்சடித்துத் தரச் சொன்னேன்.

அச்சுவேலிக்குத் திரும்பும் வழியில் மூன்று இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். அக்காவிடம் சொல்வதா? "உன் கையால் நீயே கெடுத்தாய்" என்று? ஏற்கனவே அவள் பிறந்த நேரத்துக்காக வீட்டார் எல்லோரிடமும் முகத்தாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடமாடுகிறவள். வீட்டு வாசலை அடைந்தபோது பொய் தயாராக இருந்தது.

"பிலிம் பழசு அக்கா. அதுதான் மங்கல்."

அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "பரவாயில்லையடா. பிலிமும் பழசு, பொம்பிளையும் பழசு" என்றாள்.

ஐயா படங்களைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கைவிடப்பட்டவரின் உற்சாகத்தோடு சொன்னார்: "மங்கல் நல்லதுதான். வயசு தெரியாது." பிறகு எட்டாவதைத் தனியே எடுத்தார். "இதை அனுப்பு. தனிய இருந்து படம் எடுத்த பொம்பிளை எண்டு நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது. பின்னாலை சகோதரி நிக்கிறாள். குடும்பப் படம்."

"ஐயா, தங்கச்சி அக்காவைவிடத் தெளிவாயிருக்கிறாள்."

"அவளை ஆர் பாக்கிறது? பொம்பிளை முன்னாலை இருக்கிறாள்."

கத்தரிக்கோலை எடுத்து அளந்து பார்த்தேன். தங்கச்சியை வெட்டினால் அக்காவின் பாதித் தலையும் ஒரு காதும் போகும். "ஒரு காது போதுமண்ணை, புருஷன் சொல்லுறதைக் கேக்க" என்றாள் தங்கச்சி. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். தரகர் வாசலில் மணியை அடித்துக்கொண்டிருந்தார். தபாலுக்கு நேரமாகிவிட்டது. எட்டாவது படம் மலாயாவுக்குப் போயிற்று.

பிறகு நான் பிலிமுக்கு அலைந்தேன். இன்னொரு படம் அடுத்த தபாலில் போனால் முந்தியதை மறந்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. கொடிகாமத்தில் ஒருவரிடம் ஒரு சுருள் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வெயிலில் போய்ச் சேர்ந்தேன். இருந்தது, என் கமராவுக்குப் பொருந்தாத அளவு. இருந்தும் வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே திணித்துப் பார்த்தேன். சாதகத்தைப் போலத்தான், பிலிமும். பொருந்தாததைப் பொருத்த முடியாது.

கார்த்திகை நடுவில் பதில் வந்தது. தரகர் ஐயாவுக்கு முன்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கடிதத்தை வாசித்தார். நான் தூணோடு நின்றேன். அக்கா உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மரியாதையான மனுசன். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. படம் கிடைத்தது, சந்தோஷம். முன்னால் இருப்பவருடைய முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பின்னால், துலாவடியில் வாளியோடு நிற்பவர் இன்னும் மணமாகாதவரானால், அவருடைய சாதகத்தை அனுப்பிவைக்க முடியுமா?

தரகர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

"சின்னவளுக்குச் செவ்வாய் இல்லை" என்றார் ஐயா கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுதானே அண்ணை சிக்கல். செவ்வாய் உள்ளவள் படத்திலை தெரியேல்லை. தெரிஞ்சவளுக்குச் செவ்வாய் இல்லை."

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். தட்டில் ஒரு துளி சிந்தவில்லை. தரகருக்குக் கொடுத்துவிட்டு, "சீனி காணுமோ?" என்று கேட்டாள். காணும், போதும் என்றார் அவர். அவர் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் மாப்பிள்ளைக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று கண்களையும் வரைந்து, ஆவியை விளக்கி, சந்தனத்தை ஒப்புக்கொண்டு, குற்றம் முழுவதும் என்னுடையது, முன்னால் இருப்பவர் உண்மையில் மிகத் தெளிவானவர், ஒரு மாதம் பொறுங்கள், வேறு படம் அனுப்புகிறேன் என்று கெஞ்சி எழுதினேன். நான் எழுதியவற்றில் நகைச்சுவை சிறிதும் இல்லாத ஒரே எழுத்து அது. தபாலில் போட்ட வாரமே யப்பான்காரன் மலாயாவில் குண்டு போட்டான். கடிதம் போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அந்த மனிதர் என்ன ஆனார் என்பதும் தெரியாது.

அடுத்த வருடம் சரசுவதி பூசைக்கு நான் கமராவை வைக்கவில்லை. அலுமாரியில், வேட்டிகளுக்குக் கீழே கிடந்தது. விசயதசமி காலை அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"உன்ரை பெட்டி எங்கை?"

"பிலிமே இல்லை அக்கா. அதுக்கென்ன பூசை?"

"வயலிலை வேலை இல்லாத நாளிலை மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கிறேல்லையே? எடுத்துக்கொண்டு வா."

எடுத்துவந்து விரித்து வைத்தேன். பெரிய கண்ணின் நடுவில் சந்தனத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, இந்தமுறை ஐயோ எண்டு கத்தேல்லை?"

"வை அக்கா."

இரண்டாவதுக்கும் வைத்தாள். பிறகு விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, ஓர் ஈர்க்கை முறித்து, அதன் நுனியில் சந்தனம் தொட்டு, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பயறளவு கண்ணில் வைத்தாள். வழியவில்லை. நிமிர்ந்து, தலையைச் சரித்து, தன் வேலையைப் பார்த்தாள்.

"உந்தச் சின்னனுக்கு வைக்கிறதுதான் கஷ்டம்" என்றாள். "போனமுறையும் உதுக்குத்தான் வடிவாய் வைச்சனான். நீ கவனிச்சிருக்கமாட்டாய்."

"கவனிச்சனான் அக்கா" என்றேன்.